ஒரே கோட்டு, பல கழுத்துகள்: பாலாற்றங்கரைப் பேராசிரியர் வலைப்பக்கங்கள் – ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

வேலூர், காட்பாடி, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரக் கல்லூரி ஆசிரியர்களின் வலைப்பக்கங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு பேராசிரியரைப் பற்றி எல்லாவற்றையும் அவருடைய பக்கத்திலிருந்து அறியலாம், அவர் எப்போது அறையில் இருப்பார் என்பதைத் தவிர என்னும் முடிவுக்கு வருகிறது. இந்த முடிவு ஆய்வு தொடங்கும் முன்பே ஆய்வாளருக்குத் தெரியும். ஆயினும் முனைவர் பட்ட மரபுக்கு மதிப்பளித்து, தெரியாததுபோலவே தொடங்குகிறோம்.

திறவுச் சொற்கள்: பேராசிரியர், பக்கம், பாஸ்போர்ட் சைஸ், கோட்டு, மீண்டும் கோட்டு.

ஆய்வின் தேவை

பாலாற்றங்கரையில் தண்ணீருக்குப் பஞ்சம் உண்டு. கல்லூரிக்குப் பஞ்சம் இல்லை. வூர்ஹீஸ் 1898இல் கல்லூரியானது. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அங்கே படித்திருக்கிறார். ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. 1919இல் பிறந்த வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி நூறு வயதைத் தாண்டிவிட்டது. 1984இல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய வி.ஐ.டி. 2001இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது; மறு ஆண்டே திருவள்ளுவர் பல்கலைக்கழகமும் வந்து சேர்ந்தது. ராதாகிருஷ்ணனுக்கு ஆர்கிட் என்னும் ஆய்வாளர் அடையாள எண் கிடையாது. ஸ்கடரிடம் மருந்து வாங்க வந்த எவரும் அவருடைய ஹெச்-இண்டெக்ஸைக் கேட்கவில்லை. இத்தகைய தகுதிக் குறைபாடுகள் காரணமாக இவ்விருவரும் ஆய்வு எல்லையிலிருந்து விலக்கப்படுகின்றனர்.

ஆய்வு எல்லையும் அறமும்

மாதிரி அளவு: கரண்ட் போகும்வரை பார்த்த பக்கங்கள். எந்தப் பக்கம் எந்தக் கல்லூரியுடையது என்று சொல்லப்படாது. ஆய்வாளர் தொடர்ந்து இதே ஊரில் வாழ விரும்புகிறார். அறநெறிக் குழு ஆய்வாளரின் வீட்டு அடுப்பங்கரையில் கூடி, “வேற வேலையே இல்லையா?” என்ற ஒரே வினாவுடன் அனுமதி வழங்கியது.

முன்னாய்வுகள்

உலகின் முதல் வலைப்பக்கத்தை டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்திலிருந்து 1991 ஆகஸ்டில் வெளியிட்டார். அதில் வலை என்றால் என்ன, எப்படிப் பயன்படுத்துவது என்ற தகவல்கள் மட்டும் இருந்தன. படம் இல்லை. பொன்னாடை இல்லை. பெற்ற விருதுகள் இல்லை. பின்வந்தோர் இக்குறைகளை ஒவ்வொன்றாக நீக்கினர். 2004இல் கூகுள் ஸ்காலர் வந்து யார் யாரை மேற்கோள் காட்டினார் என்று எண்ணத் தொடங்கியது. 2005இல் கலிஃபோர்னிய இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் அந்த எண்ணிக்கையை ஒற்றை எண்ணாகச் சுருக்கி ஹெச்-இண்டெக்ஸ் என்றார். 2008இல் ரிசர்ச்கேட், 2012இல் ஆர்கிட். இங்கே தொழில்நுட்பக் கல்லூரிகள் தங்கள் ஆசிரியர் விவரங்களைத் தளத்தில் வெளியிட்டே ஆக வேண்டும் என்று ஏ.ஐ.சி.டி.இ. சொல்லிவிட்டது. ஆக, பேராசிரியர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அவருக்கு ஒரு பக்கம் உண்டு என்பது வெள்ளிடைமலை.

காலக் கணிப்பு

பேராசிரியர் பக்கத்தில் “கடைசியாகப் புதுப்பித்த நாள்” இருக்காது, இருந்தால் நம்பக்கூடாது. எனவே அகச்சான்றுகளே துணை. ஆம்பூரை வேலூர் மாவட்டத்தில் வைத்திருக்கும் பக்கம் 2019 நவம்பருக்கு முந்தையது. அம்மாதம்தான் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ஆம்பூர் திருப்பத்தூரோடு போனது. “ரீடர்” என்ற பதவி தென்பட்டால் 2010 யு.ஜி.சி. விதிமுறைகளுக்கு முந்தைய அடுக்கு; அவற்றுக்குப் பிறகு எல்லோரும் உதவி, இணை என்ற முன்னொட்டுகளோடு பேராசிரியர்களே. 2014இல் மூடிய ஆர்குட்டுக்கும் 2019இல் மூடிய கூகுள் பிளஸுக்கும் சின்னங்கள் வைத்திருக்கும் பக்கங்கள் உண்டு. சொடுக்கினால் எங்கும் போகாது; வண்ணம் நன்றாயிருக்கிறது. ரீடிஃப்மெயில் முகவரியும் ஃபேக்ஸ் எண்ணும் சேர்ந்து கிடைத்தால் ஆய்வாளர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும்.

ரீடர் பதவியும் செயற்கை நுண்ணறிவும் ஒரே பக்கத்தில் கிடைத்தால் எப்படிக் காலம் கணிப்பது? இதற்கு நாக் கோட்பாடு விடை தருகிறது. கல்லூரியின் தரம் பார்க்க நாக் மதிப்பீட்டுக் குழு வரும் ஆண்டில் மட்டும் பக்கத்தில் புது வரிகள் சேரும். பழைய வரிகளை யாரும் தொடுவதில்லை. காம்பவுண்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பதும் அதே வாரம்தான். ஆகவே பக்கத்தின் காலத்தைச் சுவரைச் சுரண்டியும் அறியலாம் (காண்க: “சுண்ணாம்பும் சுயவிவரமும்”, கைப்பிரதி, பூச்சு உதிர்ந்த நிலையில்).

எண்ணியல்

நாட்டின் குடிமகனுக்கு ஆதார் 12 இலக்கம் போதும். பேராசிரியருக்கு ஆர்கிட் மட்டுமே 16 இலக்கம். அதற்கு மேல் ஸ்கோபஸ் எண், ரிசர்ச்சர் ஐடி, இன்ஃப்லிப்நெட் நடத்தும் வித்வான் தளத்தின் எண். ஒரே பெயருள்ளவர்கள் குழம்பிப்போகக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் பிறந்த ஆர்கிட், தமிழ் இனிஷியலை எதிர்பார்த்திருக்க நியாயமில்லை.

இணையப் படிவம் குடும்பப் பெயர் கேட்கும். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் நகர முடியாது. நம்மிடம் இருப்பது இனிஷியல். அதை விரித்து அப்பா பெயரைப் போட்டுவிடுவோம். வெளிநாட்டு இதழ்கள் மேற்கோளில் குடும்பப் பெயரைத்தான் முழுதாக அச்சிடும். விளைவு என்ன? ஆம்பூர்த் தோல் மண்டியில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் முட்டிவரை நின்று பிள்ளையைப் படிக்கவைத்த ஒரு மனிதர், தாம் கேள்விப்படாத இதழில், தமக்குத் தெரியாத துறையில், “மற்றும் பிறர்” என்னும் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார். பிள்ளையின் பெயர் ஒற்றை எழுத்தாய்ச் சுருங்கி ஓரமாய் நிற்கிறது. தரவுத்தளங்கள் தம்மை அறியாமல் செய்த நீதி என்று இதனைக் கொள்க. இக்கட்டுரையில் ஆய்வாளர் முழுமனதோடு ஒப்புக்கொள்ளும் கணக்கு இது ஒன்றுதான்.

வெளியீட்டியல்

பக்கத்தின் மிக நீளமான பகுதி வெளியீடுகள். இதனைத் தோல் தொழிலைக் கொண்டு விளக்குவதே இம்மண்ணுக்குப் பொருந்தும். ராணிப்பேட்டை, ஆம்பூர் டேனரிகளில் தடித்த மாட்டுத் தோலை ஸ்பிளிட்டிங் மெஷினில் விட்டு, ஓடும் கத்தியால் படுக்கைவாட்டில் பிளப்பார்கள். மேல் அடுக்குக்கு கிரெய்ன் என்று பெயர், விலை அதிகம். கீழ் அடுக்கு ஸ்பிளிட், விலை மலிவு. முனைவர் பட்ட ஆய்வேட்டையும் இவ்வாறே பிளக்கலாம். மாடு இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் தாங்காது. ஆய்வேடு ஏழெட்டு தாங்கும். முன்னுரையே தனிக் கட்டுரையாகும், நன்றியுரையைக் கருத்தரங்கில் வாசிக்கலாம். ஸ்பிளிட்டின்மேல் பூச்சு அடித்து, மயிர்க்கால் போன்ற அச்சும் பதித்து, பார்வைக்கு கிரெய்னாகவே ஆக்கிவிடும் வித்தை தோல் தொழிலிலும் உண்டு. ஆனால் நேர்மையான டேனரிக்காரர் பில்லில் ஸ்பிளிட் என்றுதான் எழுதுவார்.

ஷூவின் மேல்பாகத் தோல் சதுர அடிக் கணக்கில் விற்பனையாகும். அடிப்பாகத் தோல் எடைக் கணக்கில். கண்ணுக்குத் தெரிவதைப் பரப்பளவாலும், நடந்தால் தேய்வதை எடையாலும் மதிப்பது தொழில் நியதி. யு.ஜி.சி. 2010இல் கொண்டுவந்த ஏ.பி.ஐ. மதிப்பெண் முறை கல்வித்துறை முழுவதையும் சதுர அடிக்கு மாற்றிவிட்டது. இதழ்களின் தரம் பார்க்க 2019இல் யு.ஜி.சி.-கேர் பட்டியல் வந்தது. 2025இல் அதுவும் கைவிடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பிளந்த அடுக்குகள் அத்தனையும் வலைப்பக்கங்களில் பத்திரமாக உள்ளன.

சில்லறை வகைகள்

கருத்தரங்குகள்: நீளம். மலேசியாவிலிருந்து ஒருவர் ஜூமில் தலைகாட்டியிருந்தால் பன்னாட்டுக் கருத்தரங்கம்.

விருதுகள்: கொடுத்த அமைப்பின் பெயர் விருதின் பெயரைவிட நீளம்.

பாடக் குறிப்புகள்: இல்லை.

“விரைவில்”: வரவில்லை.

ஒளிப்படவியல்

இனி இந்த ஆய்வின் இதயப் பகுதிக்கு வருகிறோம். பேராசிரியர் படங்களைப் பொன்னாடைப் படம், மைக் படம், வெளிநாட்டுப் பனிப் படம், அலமாரிப் படம் என நான்காகப் பகுப்பர் (ஸ்டூடியோக்காரர் வாய்மொழி, பாஸ்போர்ட் சைஸ், 8 காப்பி). இந்நான்கும் முக்கியமல்ல. முக்கியமானது ஐந்தாவது: கோட்டுப் படம்.

மே மாதத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அந்த ஊரில் கருநீலக் கோட்டும் சிவப்பு டையும் அணிந்து, நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லாமல் ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்றால் அது அறிவியலுக்குச் சவால். பனிக்கட்டிமேல் உட்காரவைத்து எடுத்தார்கள் என்பது ஒரு கட்சி. ஏ.சி. அறைக் கட்சியும் உண்டு. உண்மை எளிது. பேராசிரியர் அரைக்கைச் சட்டையில் போகிறார். கழுத்துக்கு மேலே கேமரா எடுக்கிறது. கழுத்துக்குக் கீழே உள்ளது ஸ்டூடியோக் கணினியில் முன்பே இருக்கிறது. ஒரு கோட்டு. ஒரே கோட்டு.

இக்கோட்டைக் கண்டபின் ஆய்வாளரால் வேறெதையும் காண முடியவில்லை. இயற்பியல் துறைத் தலைவர்மேல் இருப்பது, வணிகவியல் உதவிப் பேராசிரியர்மேலும் இருக்கிறது. அதே கோட்டு கல்யாணத் தரகரின் ஃபைலில் இருக்கிறது. முச்சந்தியில் கட்டிய கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸிலும் இருக்கிறது. பிறந்தவர் மாறுகிறார், இறந்தவர் மாறுகிறார், இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்த அந்த டை முடிச்சு மாறவில்லை.

இது குறித்து அறிஞரிடையே மூன்று பள்ளிகள் உள. கோட்டே முதலில் தோன்றியது, தலைகள் பிற்காலத்தில் வந்து சேர்ந்தன என்பது முதற்பள்ளி (“ஆதிக்கோட்டு ஆராய்ச்சி”, அச்சேறாத பதிப்பு, பக்கம் கிழிந்துள்ளது). தலையே பழமையானது, கோட்டு பின்னாளில் போர்த்தப்பட்டது என்பது இரண்டாம் பள்ளி (மேற்படி நூலுக்கு மேற்படி நூலாசிரியரே வேறு பெயரில் எழுதிய மறுப்பு, பதவி உயர்வுக்கு இரண்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன). கோட்டும் தலையும் மூலத்தைச் சேர்ந்தவை, டை மட்டுமே இடைச்செருகல் என்பது மூன்றாம் பள்ளி. இவர்கள் டை முடிச்சின் சாய்வைப் பாடபேதம் என்பர் (விரிவுக்கு: “முடிச்சும் முரணும்” என்ற நூலின் அணிந்துரைக்கு அணிந்துரையாளரின் மாமனார் எழுதிய வாழ்த்துரை, இரண்டாம் பதிப்பு, இப்பதிப்பு முதற்பதிப்புக்கு முந்தைய ஆண்டு வெளிவந்தது, ஒரே பிரதி காட்பாடி ஜங்ஷன் நடைமேடையில் சமோசா மடிக்கப் பயன்பட்டபோது எண்ணெயில் தெளிவாக வாசிக்கக் கிடைத்தது).

பெண் பேராசிரியர்கள் பெரும்பாலும் சொந்தப் புடவையிலேயே காணப்படுகின்றனர். இது மூன்று பள்ளிகளின் கோட்பாட்டுக்கும் ஒத்துவராததால் அடிக்குறிப்புக்குத் தள்ளப்பட்டது. அடிக்குறிப்பு இடமின்மையால் நீக்கப்பட்டது.

இனி ஆய்வாளரின் சொந்தப் பங்களிப்பு. கோட்டுக்கும் ஹெச்-இண்டெக்ஸ் கணக்கிட வேண்டும். ஹிர்ஷின் விதி எளியது: ஒருவருடைய கட்டுரைகளில் 10 கட்டுரைகள் தலா 10 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் குறைந்தது 10. ஒரு கல்லூரியில் 20 பேர் அக்கோட்டுக்குள் இருக்கிறார்கள், ஆளுக்குப் பத்துக் கட்டுரை என்று வைத்துக்கொண்டால், 200 கட்டுரைகளுக்கு அது இணையாசிரியர். அவர்கள் ஒருவரை ஒருவர் மரியாதை நிமித்தம் மேற்கோள் காட்டும்போது, உண்மையில் கோட்டு தன்னைத் தானே மேற்கோள் காட்டிக்கொள்கிறது. இம்முறைக்கு முன்மாதிரி இல்லாமலில்லை.

மனிதரல்லாதார்க்குப் புலமைத் தகுதி உண்டா என்ற ஐயம் எழலாம். உண்டு. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜாக் ஹெதரிங்டன் 1975இல் தனியாக எழுதிய கட்டுரையில் தம்மை “நாங்கள்” என்றே எழுதிவிட்டார். ஒற்றை ஆசிரியர் பன்மையில் பேசினால் இதழில் ஏற்கமாட்டார்கள் என்று ஒரு சக ஆய்வாளர் எச்சரித்தார். தட்டச்சு செய்த தாள்களை முதலிலிருந்து அடிக்க மனமில்லாமல், வீட்டுப் பூனை செஸ்டரை எஃப்.டி.சி. வில்லார்ட் என்ற பெயரில் இணையாசிரியராக்கினார். ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ் அதை வெளியிட்டது. தம்மை “யாம்” என்று எழுதும் நம் பேராசிரியர்கள் இதற்காகப் பூனை வளர்க்க வேண்டியதில்லை. ஆய்வு மாணவர் இருக்கிறார்.

2010இல் பிரெஞ்சுக் கணினி அறிஞர் சிரில் லாபே, உளறல் கட்டுரை எழுதும் சைஜென் என்ற மென்பொருளைக் கொண்டு நூறு சொச்சம் கட்டுரைகளை உருவாக்கி, அவை ஒன்றையொன்று மேற்கோள் காட்டும்படி செய்து, ஐக் அண்ட்கேர் என்ற இல்லாத மனிதருக்கு கூகுள் ஸ்காலரில் 94 என்ற ஹெச்-இண்டெக்ஸை வாங்கிக் கொடுத்தார். 2024இல் அமெரிக்காவில் லாரி என்ற பூனைக்கு அதே வழியில் 132 மேற்கோள்கள் சேர்த்துக் காட்டினார்கள் ரீஸ் ரிச்சர்ட்சனும் நிக் வைஸும். மேற்கோள்களை விலைக்கு வாங்குவது எவ்வளவு சுலபம் என்று நிறுவுவதே அவர்கள் நோக்கம். நம்மவர் சிலர் அதைச் செய்முறை விளக்கமாக எடுத்துக்கொண்டிருக்கலாம்.

பூனைக்கு உண்டு, இல்லாதவருக்கும் உண்டு என்றால் கோட்டுக்கு ஏன் இல்லை? ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜான் அயோனிடிஸ் குழு ஆண்டுதோறும் வெளியிடும் 2 சதவீதப் பட்டியல் வந்ததும் கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் கட்டுவார்கள். அதில் முழுவாழ்வுப் பட்டியல் ஒன்று, ஓராண்டுப் பட்டியல் ஒன்று என இரண்டு உண்டு. ஃபிளெக்ஸில் எப்போதும் “உலக விஞ்ஞானி” என்ற ஒரே பட்டியல்தான். படத்தில் இருப்பது அதே கருநீலம், அதே சிவப்பு, அதே சாய்வு. கோட்டு உலகின் 2 சதவீதத்துக்குள் வந்துவிட்டது என்பது இதனால் புலனாகிறது.

எதிர்ச்சான்றுகள்

கோட்டில்லாத பக்கங்களும் வரலாற்றில் உண்டு. நேர்மை கருதி அவற்றைக் குறிப்பிடுகிறோம். கணினி அறிவியலின் பெரியவர் டொனால்ட் கனூத் 1990 ஜனவரி 1 முதல் மின்னஞ்சலே வைத்துக்கொள்ளவில்லை. அவருடைய ஸ்டான்ஃபோர்டு பக்கம் அலங்காரமற்றது. தம் நூலில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2008 வரை காசோலை அனுப்பிவந்தார். நம் பக்கத்தில் பிழை கண்டுபிடிப்பவருக்கு மெமோ வரும். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம், 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்; தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த தமிழ் நூல்கள் எவரும் காசின்றி எடுத்துக்கொள்ளும்படி வலையேறின. பெர்க்லியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் ஹார்ட், தமிழ் ஏன் செம்மொழி என்று 2000 ஏப்ரலில் எழுதிய கடிதம் பல்கலைக்கழகப் பக்கத்தில் இருந்தது. தமிழுலகம் முழுக்க அதைப் படித்தது. மத்திய அரசு 2004இல் தமிழைச் செம்மொழி என்று அறிவித்தது. இப்பக்கங்களின் பொதுக் கூறு ஒன்றுண்டு: வந்தவர் எதையாவது எடுத்துக்கொண்டு போக முடிந்தது.

கண்டறிந்தவையும் பரிந்துரைகளும்

வேலூருக்கு ஒரு பழைய சொலவடை உண்டு: ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில். 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து ஜலகண்டேஸ்வரரைக் கொண்டுவந்து கோட்டைக் கோயிலில் வைத்ததும் மூன்றாவது குறை தீர்ந்தது. அந்தக் காலி இடத்துக்கு “ஆள் இல்லாத ஸ்டாஃப் ரூம்” என்பதை இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. ஆட்சேபம் இருப்போர் மூன்று படிகளில் விண்ணப்பிக்கலாம்.

மேலாய்வுக்குரிய களங்கள் பல உள. கோட்டுக்கு ஆர்கிட் எண் பெறுதல் அவற்றுள் தலையாயது. அதை ஆய்வாளரின் மாணவர்கள் செய்வார்கள்; முதல் பெயர் ஆய்வாளருடையதாக இருக்கும்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். திருப்பத்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வரும் மாணவி உங்கள் பக்கத்தைத் திறப்பது, உங்களை எங்கே பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான். உங்கள் ஹெச்-இண்டெக்ஸ் அவளுக்குத் தேவைப்படாது. உங்கள் 16 இலக்கத்தில் ஒன்றையும் அவள் டயல் செய்ய முடியாது. வெளியீடுகளுக்கு மேலே, விருதுகளுக்கும் மேலே, எந்த நாள், எந்த நேரம், எந்த அறை என்று ஒரு வரி போடுங்கள். போட்டுவிட்டு, அந்த நேரத்தில் அங்கே இருங்கள்.